சொன்னவண்ணம் வாசித்தவர்

2020-ஆம் ஆண்டு மே மாதம் எங்கள் ஊர்ப் பெயர் திடீரென்று நாடறிந்த பெயராயிற்று. கொரோனா பரவுகிறது என்று கோயம்பேடு சந்தையை 5-ஆம் தேதி பூட்டினார்கள். துணைநகரம் வரப்போகிறது, வரப்போகிறது என்று வருஷக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்த நிலத்தில் கொட்டகை போட்டு, அடுத்த சில நாட்களில் மொத்தக் காய்கறி வியாபாரத்தையும் திருமழிசைக்குக் கொண்டுவந்து இறக்கினார்கள். லாரியும் சேறுமாக ஊர் பட்ட பாடு தனிக்கதை. வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்த எங்களுக்கு அதில் ஒரு வேடிக்கை கிடைத்தது. எந்தச் சேனலைத் திருப்பினாலும் மணிக்கொரு தரம் எங்கள் ஊர்ப் பெயர் வந்தது. "திருமளிசை" என்றார் ஒருவர். "திருமலிசை" என்றார் இன்னொருவர். அவசரத்தில் ஒருவர் "திருமசை" என்றே முடித்துவிட்டார்.

எண்பதைத் தாண்டிய என் பெரியம்மா கட்டிலில் உட்கார்ந்தபடி கணக்கு வைத்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் மாலை, எட்டுப் பேரில் மூன்று பேர்தான் ஒழுங்காகச் சொன்னார்கள் என்று தீர்ப்பு வந்தது. கூடவே ஒரு வார்த்தை: "டெல்லிலேர்ந்து படிப்பாங்களே, அந்தம்மாவா இருந்தா ஊர்ப் பேரை இப்பிடி மென்னு துப்பியிருக்க மாட்டாங்க."

அந்தம்மா யார் என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. நாற்பதைத் தாண்டிய எல்லோருக்கும் தெரியும். "ஆகாசவாணி. செய்திகள். வாசிப்பது சரோஜ் நாராயண்சுவாமி." காலை 7.15-க்கு இந்தக் குரல் எந்த வீட்டில் தொடங்கினாலும் தெரு முழுக்கத் தொடர்ச்சியாகக் கேட்கும். ஒரு வாசலில் விட்ட வாக்கியத்தை அடுத்த வாசலில் பிடித்துக்கொண்டே பள்ளிக்கூடம் போகலாம். செப்டம்பர் கடைசியில் கோயம்பேடு திறந்தது. சந்தை போயிற்று, செய்தியில் ஊர்ப் பெயரும் போயிற்று. பெரியம்மா சொன்னது மட்டும் எனக்குள் தங்கிவிட்டது. ஒரு செய்தி வாசிப்பாளர் மேல் இத்தனை நம்பிக்கை எப்படி வந்தது? அது குரலால் மட்டும் வந்திருக்குமா?

2022 ஆகஸ்ட் 13 அன்று சரோஜ் நாராயண்சுவாமி மும்பையில் காலமானார். வயது 87. மறுநாள் நாளிதழ்களில் படம் வந்தது. முப்பது முப்பத்தைந்து வருஷம் தினமும் வீட்டுக்குள் பேசியவரின் முகத்தை எங்கள் தெருவில் பலர் அன்றுதான் பார்த்தார்கள். "இவங்களா?" என்று எதிர்வீட்டுக்காரர் படத்தை அருகில் வைத்தும் தள்ளி வைத்தும் பார்த்தார். சரோஜ் என்பது ஒருவர், நாராயண்சுவாமி என்பது இன்னொருவர், இரண்டு பேர் சேர்ந்து படிக்கிறார்கள் என்று சிறுவயதில் நம்பியவன் நான். அது ஆணா பெண்ணா என்று பந்தயம் கட்டியவர்களும் உண்டு. அந்தக் குரலில் அப்படி ஒரு கனம்.

அவருடையது தஞ்சைப் பகுதியைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பம்; பிறந்து வளர்ந்தது மும்பை; படித்தது ஆங்கில இலக்கியம்; வேலை பார்த்தது தில்லி. தமிழ்நாட்டில் வாழாத ஒருவர் தமிழ்நாட்டுக்குச் செய்தி சொன்னார் என்பதை நாம் அவ்வளவாக யோசித்ததில்லை. வானொலித் தமிழ்ச் செய்தியில் முதல் பெண் குரல் அவருடையது. ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகள் அந்தப் பணியில் இருந்தார். சினிமாக் கொட்டகையில் படம் தொடங்கும்முன் ஓட்டுவார்களே, பிலிம்ஸ் டிவிஷன் செய்திப் படங்கள், அவற்றில் பலவற்றுக்குத் தமிழில் பின்னணி பேசியவரும் அவர்தான். தமிழக அரசின் கலைமாமணி விருது பெற்றார்.

இரங்கல் குறிப்புகள் எல்லாம் 'கம்பீரக் குரல்', 'கணீர்க் குரல்' என்று எழுதின. உண்மைதான். ஆனால் அவர் வகித்த பதவியின் முழுப் பெயர் 'செய்தி வாசிப்பாளர் மற்றும் மொழிபெயர்ப்பாளர்'. இந்தப் பின்பாதியை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. என் கணக்கில் முக்கியமானது அதுதான்.

தில்லியில் அவர் இருந்த செய்தி அறையில் வேலை நடந்த விதம் இது. வானொலியின் மத்தியச் செய்தி அறையில் செய்திகள் ஆங்கிலத்தில் தயாராகும். தாள் தாளாக அது மொழிப் பிரிவுகளுக்கு வரும். தமிழ்ப் பிரிவில் பணியில் இருப்பவர் அதைத் தமிழாக்க வேண்டும். தலைப்புச் செய்தியைப் பொறுக்கி எடுக்க வேண்டும். பத்து நிமிஷத்துக்கு அளந்து வெட்ட வேண்டும். பிறகு ஒலிவாங்கிக்கு முன் போய் உட்கார்ந்து படிக்க வேண்டும். காலைச் செய்தி என்றால் விடியுமுன்பே வேலை தொடங்கிவிடும். 7.10-க்கு ஒரு தாள் புதிதாக வந்தால் அதையும் சேர்க்க வேண்டும். வாசித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு கை கதவைத் தள்ளித் துண்டுத்தாளை நீட்டுவதும் உண்டு. கேட்பவருக்குத் தெரிவது 'இப்போது கிடைத்த செய்தி' என்ற மூன்று சொல்லும், அதற்குமுன் ஒரு மூச்சு இடைவெளியும்தான்.

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மாற்றுவது சொல்லுக்குச் சொல் வைக்கும் வேலையாக இருந்தால் சிரமமில்லை. சிக்கல் வாக்கியத்தின் வாலில் இருக்கிறது. ஆங்கிலத்தில் 'பிரதமர் சொன்னார்' என்பது முதலில் வந்துவிடும். அவர் என்ன சொன்னார் என்பது பின்னால் நீளும். தமிழில் அந்தச் 'சொன்னார்' கடைசியில்தான் வரும். "நாட்டின் உணவு தானிய உற்பத்தி முன்னெப்போதும் இல்லாத அளவுக்கு உயர்ந்திருப்பதாகவும், விலைவாசி கட்டுக்குள் இருப்பதாகவும்…" என்று படித்துக்கொண்டே போனால், கேட்பவர் இதெல்லாம் நடந்த உண்மை என்று தலையாட்டிக்கொண்டிருப்பார். வாக்கியம் முடியும்போதுதான் இது ஒரு மந்திரியின் பேச்சு என்று தெரியும். நல்ல மொழிபெயர்ப்பாளர் முதலிலேயே ஆளை நிறுத்திவிடுவார்: "பிரதமர் பேசுகையில்" என்று. நீண்டதை இரண்டாக, மூன்றாக வெட்டுவார். 'கூறினார்', 'தெரிவித்தார்', 'வலியுறுத்தினார்', 'சுட்டிக்காட்டினார்' என்ற நாலும் நாலு விதம் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். 'சுட்டிக்காட்டினார்' என்று சொன்னால், சொன்ன விஷயம் உண்மை என்று நாமும் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். 'கூறினார்' என்றால் பொறுப்பு கூறியவருக்கு. அரசாங்க வானொலியில் அந்தச் சின்ன வித்தியாசத்துக்கு எவ்வளவு இடம் இருந்தது என்பதைக் கீழே பார்ப்போம்.

இன்னொரு சங்கடம் நம் எழுத்து. தமிழில் ஒரு 'ப' தான். அதையே 'பாகிஸ்தா'னுக்கும் போட வேண்டும், 'பங்களாதே'ஷுக்கும் போட வேண்டும், 'புட்டோ'வுக்கும் போட வேண்டும். கையில் இருக்கும் தாளில் 'பேகின்' என்று எழுதியிருந்தால், இஸ்ரேல் பிரதமரின் பெயரில் முதல் எழுத்தை எப்படி ஒலிப்பது என்று தாள் சொல்லாது. வாசிப்பவர் அறிந்திருக்க வேண்டும். 'காந்தி'யின் கவும் 'கார்ட்ட'ரின் கவும் ஒரே க. இந்தியில் படிப்பவருக்கு இந்தத் தொல்லை கிடையாது, எழுத்தே சொல்லிக்கொடுத்துவிடும். தமிழ்ச் செய்தி வாசிப்பாளர் உலகத்து ஊர்ப் பெயர்களையும் ஆட்பெயர்களையும் மண்டைக்குள் வைத்துக்கொண்டுதான் நாற்காலியில் உட்கார முடியும். பெரியம்மா வியந்தது இதைத்தான் என்று இப்போது தோன்றுகிறது.

எண்களைச் சொல்லவே வேண்டாம். 1,27,350 என்று எழுதுவது சுலபம். 'ஒரு லட்சத்து இருபத்தேழாயிரத்து முந்நூற்று ஐம்பது' என்று நிறுத்தாமல், மூச்சு வாங்காமல், கடைசியில் வரும் 'டன்'னோ 'ஹெக்டே'ரோ விழுங்கப்படாமல் சொல்லிப் பாருங்கள். ஆங்கிலத் தாளில் அது மில்லியன் கணக்கில் வந்திருந்தால் படிக்கும் முன்பே லட்சம், கோடியாக மாற்றியும் இருக்க வேண்டும். நான் கடிகாரம் வைத்துக்கொண்டு ஒரு நாளிதழின் முதல் பக்கத்தை உரக்கப் படித்துப் பார்த்தேன். நாலாவது நிமிஷத்தில் தொண்டை வறண்டது. ஏழாவது நிமிஷத்தில் 'தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று' என்ற இடத்தில் நாக்கு மடங்கிவிட்டது. பக்கத்தில் இருந்த பேத்தி சிரித்ததோடு சோதனை முடிந்தது.

சரோஜுக்கு முன்னும் அந்த நாற்காலியில் பெரிய ஆட்கள் இருந்தார்கள். பிற்காலத்தில் மேடையிலும் சினிமாவிலும் எல்லோரும் அறிந்த பூர்ணம் விசுவநாதன், தில்லி வானொலியில் தமிழ்ச் செய்தி வாசித்தவர். இந்தியா விடுதலை அடைந்த செய்தியை 1947 ஆகஸ்ட் 15 விடியலில் தமிழில் சொன்னது அவர் குரல். அதே அறைகளில்தான் இந்திக்குத் தேவகி நந்தன் பாண்டே, 1974 முதல் சமஸ்கிருதத்துக்குப் பலதேவானந்த சாகர் என்று ஒவ்வொரு மொழிக்கும் ஒரு குரல் நிலைபெற்றது. சாகரின் சமஸ்கிருதச் செய்தி தமிழ்ச் செய்திக்கு முன்னால் வரும். ஒரு சொல்லும் புரியாமல் அவருடைய தொடக்க வாக்கியத்தை மட்டும் மனப்பாடமாகச் சொல்லும் பிள்ளைகள் எங்கள் தெருவில் அரை டஜன் பேர் இருந்தோம்.

செய்தி வாசிப்பவர் தன் பெயரைச் சொல்லும் வழக்கத்துக்கு ஒரு பழைய கதை உண்டு. பிபிசியில் தொடக்கத்தில் வாசிப்பவர் பெயர் சொல்லமாட்டார். 1940-இல், ஜெர்மானியர்கள் படையெடுத்து வந்து வானொலியைப் பிடித்துக்கொண்டு போலிச் செய்தி வாசித்துவிடுவார்களோ என்ற பயம் வந்தது. மக்களுக்குக் குரலும் பெயரும் பழகியிருந்தால் போலியைக் கண்டுபிடிக்கலாம் என்று பெயரைச் சொல்ல ஆரம்பித்தார்கள். பிபிசியைப் பார்த்து வளர்ந்த நம் வானொலிக்கும் அது அங்கிருந்தே வந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். 'வாசிப்பது' என்ற அந்த ஒற்றைச் சொல்லுக்குள் ஒரு யுத்தகாலத்துப் பயம் இருக்கிறது என்று நினைத்தால் விசித்திரமாக இருக்கிறது.

'ஆகாசவாணி' என்ற சொல்லும் சும்மா வந்துவிடவில்லை. 1930-களில் மைசூரில் ஒரு பேராசிரியர் நடத்திய சிறு நிலையத்தின் பெயர் அது. 1950-களில் அகில இந்திய வானொலி அதைத் தனக்கும் சூட்டிக்கொண்டது. தமிழ்நாட்டில் அதை ஏற்கவில்லை. 'வானொலி' என்ற நல்ல சொல் இருக்கும்போது எதற்கு என்று கேட்டார்கள். அதனால் சென்னையும் திருச்சியும் 'வானொலி நிலையம்' என்றே சொல்லிவந்தன. தில்லிச் செய்தி மட்டும் 'ஆகாசவாணி' என்று தொடங்கியது. ஒரே பெட்டியில், ஒரே காலையில், இரண்டு பெயர். 2023 மே மாதம் இனி எங்கும் ஆகாசவாணிதான் என்று உத்தரவு வந்தபோது தமிழ்நாட்டில் மறுபடி எதிர்ப்பு எழுந்தது. எனக்கும் அந்த உத்தரவில் உடன்பாடு இல்லை. ஆனால் சரோஜ் சொன்ன 'ஆகாசவாணி' காதில் விழுந்தால் இன்றைக்கும் பல் தேய்க்கும் ஞாபகம் வருகிறது. அரசியல் வேறு, காது வேறு போலிருக்கிறது.

தில்லியில் பேசிய குரல் எங்களை வந்தடைந்த வழி எங்கள் வட்டாரத்து வழிதான். சென்னை வானொலியின் ஒலிபரப்பு நிலையம் ஆவடியில் இருக்கிறது. இங்கிருந்து பூந்தமல்லி போய் ஆவடிச் சாலையைப் பிடித்தால் அரை மணி. பாராளுமன்றத்தில் நடந்தது ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, தில்லியிலேயே தமிழாகி, சென்னைக்கு வந்து, ஆவடிக் கோபுரம் ஏறித் திருமழிசைக்கு இறங்கும். 1991 மே 21 இரவு இந்தச் சுற்றுவழியை நாங்கள் கண்ணால் கண்டோம். ராஜீவ் காந்தி அன்று போரூர், பூந்தமல்லி வழியாகத்தான் ஸ்ரீபெரும்புதூர் போனார். எங்கள் ஊரிலிருந்து அது பதினைந்து இருபது கிலோமீட்டர். பத்தரை மணிக்குள் குண்டு வெடித்துவிட்டது. நெடுஞ்சாலையில் வந்த லாரிக்காரர்கள் சொன்னது நள்ளிரவுக்குள் ஊருக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் திண்ணையில் கூடியிருந்த பெரியவர்கள் "ரேடியோல சொல்லட்டும்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். சைக்கிளில் போய்ப் பார்த்துவிடக்கூடிய தூரத்தில் நடந்தது, தில்லி போய்த் திரும்பி வந்த பிறகுதான் எங்களுக்கு உண்மையாயிற்று.

அந்த நம்பிக்கைக்கு வானொலி எந்த அளவுக்குத் தகுதியாக இருந்தது என்ற கேள்வியைத் தாண்டிப் போக முடியாது. 1984 அக்டோபர் 31 காலை ஒன்பதரைக்குள் இந்திரா காந்தி சுடப்பட்டார். பிபிசி அன்று பகலிலேயே மரணச் செய்தியைச் சொல்லிவிட்டது. நம் வானொலி மாலைவரை வாய் திறக்கவில்லை. தூர்தர்ஷனில் அதைப் படிக்கும் பொறுப்பு சல்மா சுல்தானுக்கு வந்தது; அதற்குள் பத்து மணி நேரத்துக்குமேல் ஓடியிருந்தது. 1967 முதல் முப்பது ஆண்டுகள் இந்தியில் செய்தி வாசித்தவர் அவர். காதோரம் ஒரு ரோஜாவோடு நாட்டுக்கே பழகிய முகம். முப்பது வருஷ வாசிப்பில் மிகப் பெரிய செய்தி அவர் கைக்கு வந்தபோது அது பழைய செய்தியாகியிருந்தது. அதில் அவர் குற்றம் என்ன இருக்கிறது? எப்போது சொல்வது, எதைச் சொல்வது என்பது வாசிப்பவர் கையில் இல்லை. நெருக்கடி நிலைக் காலத்தில் அது இன்னும் அப்பட்டம். சென்னைத் தொலைக்காட்சி நிலையமே நெருக்கடி நிலை அறிவித்து ஏழு வாரம் கழித்து, 1975 ஆகஸ்ட் 15 அன்று பிறந்த குழந்தைதான்.

எங்கள் ஊர் ஆழ்வார் கதை இங்கே நினைவுக்கு வருகிறது. சீடன் கணிகண்ணனைப் பல்லவ மன்னன் நாடுகடத்தியபோது, திருமழிசையாழ்வார் காஞ்சிப் பெருமாளைப் பார்த்து, நாங்கள் போகிறோம், நீயும் பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பு என்றாராம். பெருமாள் அப்படியே கிளம்பினார். திரும்பி வா என்றதும் வந்து படுத்துக்கொண்டார். திருவெஃகாவில் இன்றும் அவருக்குச் 'சொன்னவண்ணம் செய்த பெருமாள்' என்று பெயர். செய்தி வாசிப்பாளரும் சொன்னவண்ணம் படித்தவர்தான். வித்தியாசம், ஆழ்வார் இடத்தில் ஓர் அமைச்சகம் இருந்தது. சரோஜ் குரலில் தடுமாற்றமே இராது என்பதை எல்லோரும் புகழாகச் சொல்கிறார்கள். எனக்கு அதில் ஒரு நெருடல் உண்டு. குரலில் ஐயம் இல்லாததால் செய்தியிலும் ஐயம் இல்லை என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம். அந்தத் திண்ணைப் பெரியவர்கள் அரசாங்கக் கணக்கைப் பாதிதான் நம்புவார்கள். ஆனால் "சரோஜ் சொல்லிடுச்சே" என்றால் முழுதாக நம்பினார்கள்.

இலங்கைத் தமிழர்கள் இந்த வகையில் நம்மைவிட உஷாராக இருந்தார்கள், இருந்தாக வேண்டியிருந்தது. அரசாங்க வானொலியில் கேட்டதை லண்டனில் சரிபார்ப்பது அங்கே வழக்கமாயிற்று. 1941-இல் தொடங்கிய பிபிசி தமிழ் ஒலிபரப்புக்குத் 'தமிழோசை' என்று பெயர் வைத்தவரே யாழ்ப்பாணத்துச் சோ. சிவபாதசுந்தரம். பிற்காலத்தில் சங்கர், ஆனந்தி சூரியப்பிரகாசம் என்பவை அங்கே வீட்டுக்கு வீடு தெரிந்த பெயர்கள். 1990-களில் யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் இல்லை, பேட்டரியும் கிடைக்காது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் மிதிக்க, டைனமோவில் வரும் மின்சாரத்தில் ரேடியோ பாடும். மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து தமிழோசை கேட்பார்கள். மிதிப்பவர் களைத்தால் செய்தி தேயும். ஒரு செய்தி வாசிப்பாளருக்கு இதைவிடப் பெரிய விருது என்ன இருந்துவிட முடியும்? 2017 ஏப்ரல் 30-உடன் அந்த வானொலி ஒலிபரப்பு நின்றது.

தொலைக்காட்சி வந்ததும் குரலுக்கு முகம் வந்தது. முகத்தோடு புடவையும் வந்தது. ஷோபனா ரவி அன்றைக்கு என்ன புடவை கட்டியிருந்தார் என்பது மறுநாள் காலைக் குழாயடிப் பேச்சு. அதைச் சொல்லிச் சொல்லியே அவருடைய திருத்தமான உச்சரிப்பைக் குறைத்துப் பேசிவிட்டோம். சென்னை தூர்தர்ஷனில் செய்தி வாசித்தவர்கள் பலருக்கு அது முழுநேர வேலை அல்ல. பேராசிரியரும் கவிஞருமான ஈரோடு தமிழன்பன் வாசித்தார். பின்னாளில் 2004-க்கான சாகித்திய அகாதமி விருது பெற்றவர். நாடகக்காரர் டி. வி. வரதராஜன் வாசித்தார். சின்ன வயதிலேயே போலியோவால் கால்கள் பாதிக்கப்பட்ட எச். ராமகிருஷ்ணன் வாசித்தார், மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அவரைப் பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்கு அது வெகுகாலம் தெரியாது. பாலசந்தரின் 'வானமே எல்லை'யில் அவர் அவராகவே வந்தபோதுதான் பலருக்கு விளங்கியது. ஆக, அந்த மேசைக்கு வந்தவர்கள் தமிழைத் தொழிலாகவோ உயிராகவோ கொண்ட வேறிடத்து ஆட்கள். கையில் தாள். எதிரே எழுத்து ஓடும் கண்ணாடி எல்லாம் பிற்பாடு வந்தது. குனிந்து ஒரு வரியை அள்ளி, நிமிர்ந்து சொல்ல வேண்டும்.

பிரான்சில் இதே தொழில் எப்படிப் போயிற்று என்று பார்த்தால் நம் குறை துலங்கும். டிஎஃப்1 தொலைக்காட்சியில் ஜான்-பியர் பெர்னோ மதியம் ஒரு மணிச் செய்தியை 1988 பிப்ரவரியில் கையில் எடுத்தார். 2020 டிசம்பரில்தான் கீழே வைத்தார். ஏறத்தாழ 33 வருஷம். அதே சேனலில் கிளேர் ஷசால் 1991 முதல் 2015 வரை வாரக்கடைசிச் செய்தி. பெர்னோ வெறும் வாசிப்பாளர் கிடையாது. அந்தச் செய்தியின் ஆசிரியரும் அவரே. பாரிஸ் அரசியலைப் பின்னுக்குத் தள்ளி, கிராமத்துச் சந்தை, கைவினைக்காரர், பள்ளிக்கூடம் மூடப்பட்ட ஊர், மழை, பனி என்று நாட்டுப்புறத்துக்கு முதலிடம் கொடுத்தார். மேட்டுக்குடி விமர்சகர்கள் கேலி செய்தார்கள். நாட்டுப்புறத்தார் சாப்பாட்டு நேரத்தில் அவரை விடாமல் பார்த்தார்கள். 2022 மார்ச் 2 அன்று அவர் இறந்தார்; நம் சரோஜ் இறந்த அதே ஆண்டு. எது செய்தி என்று முடிவுசெய்யும் உரிமை அவருக்கு இருந்தது. அதே அளவு காலம் உழைத்த சரோஜுக்கு இருந்தது, எந்தச் சொல்லில் சொல்வது என்ற உரிமை மட்டும்தான். அந்தச் சிறிய உரிமையை அவர் எவ்வளவு பொறுப்போடு கையாண்டார் என்பதுதான் எங்கள் காதில் நம்பிக்கையாக விழுந்தது.

சொல்லப்போனால் அந்தச் சிறிய உரிமை அத்தனை சிறியதும் இல்லை. நம்பிக்கையில்லாத் தீர்மானம், அணிசேரா நாடுகள், போர்நிறுத்தம், பணவீக்கம், செயற்கைக்கோள், ஒத்திவைப்பு என்று இன்று ஊரில் டீக்கடைக்காரர் சர்வசாதாரணமாகச் சொல்லும் சொற்கள் எல்லாம் யாரோ ஒருவர் தாளில் முதலில் எழுதிப் பார்த்தவை. நாளிதழ்கள் எழுதின, மேடைகள் பேசின. ஆனால் எழுத்துத் தெரியாத என் பெரியப்பாவுக்கு 'அணிசேரா' என்ற சொல்லைக் கற்றுக்கொடுத்தது 7.15 செய்திதான். ஏர் ஓட்டிக்கொண்டிருந்தவர் அவர். அணிசேரா மாநாடு என்றால், "ரெண்டு கட்சிக்கும் சாப்பாட்டுக்குப் போகாதவன் கூட்டம்" என்று விளக்குவார்.

1993-இல் சன் டிவி வந்தது. 2000-த்துக்குப் பிறகு நாள் முழுக்கச் செய்தி. பொதிகை 2024 ஜனவரியில் டிடி தமிழ் ஆயிற்று. வானொலியின் தமிழ்ச் செய்திப் பிரிவும் தில்லியை விட்டுச் சென்னைக்கே வந்துவிட்டது. இன்றைய இளம் வாசிப்பாளர்களைக் குறைசொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. பத்து நிமிஷத்துக்கு விடியலிலிருந்து தயாரானவர்களையும், நாலு மணி நேரம் தொடர்ந்து நேரலையில் நிற்பவர்களையும் ஒரே தராசில் எப்படி நிறுப்பது? திருமழிசை எங்கே இருக்கிறது என்று விசாரிக்க அவர்களுக்கு ஒரு நிமிஷம் கொடுக்கப்படுவதில்லை என்பதுதான் விஷயம்.

இப்போது அந்த நிமிஷமும் தேவைப்படாதவர்கள் வந்திருக்கிறார்கள். 2023-இல் ஒடிசாவின் ஓடிவி 'லிசா' என்ற கணினிப் பெண்ணைக் கைத்தறிப் புடவையில் செய்தி வாசிக்க வைத்தது. 2024 மே 26 அன்று டிடி கிசான் 'கிரிஷ்', 'பூமி' என்று இருவரை இறக்கியது. 50 மொழிகளில் பேசுவார்களாம். தாகம் எடுக்காது, தொண்டை கட்டாது. மொழிபெயர்ப்பையும் இயந்திரமே செய்துவிடும். நெடுஞ்சாலையில் எங்கள் ஊருக்குத் திரும்பும் இடத்தில் கைப்பேசியின் வழிகாட்டிக் குரல் சொல்லும் பெயரைக் கேட்டுப் பெரியம்மா, "இது எந்த ஊரு?" என்றார்.

ஐம்பதைத் தாண்டிய வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். 1970, 80-களில் டேப்ரிக்கார்டர் வாங்கிய வீடுகளில், வானொலியில் பாட்டைப் பதிவு செய்யப்போய், பாட்டுக்கு முன்னாலோ பின்னாலோ செய்தியும் கொஞ்சம் பதிவாகியிருக்கும். அந்தக் கேசட்டுகளைப் பழைய சாமான்காரரிடம் போடுமுன் ஒரு முறை கடைசிவரை ஓட்டிக் கேளுங்கள். நாடாவில் பூஞ்சை பிடித்திருந்தால் மின்சாதனம் பழுதுபார்ப்பவரிடம் துடைத்துத் தரச் சொல்லலாம். கேட்டுக் கணினியில் ஏற்றிவிட்டு, தேதி நினைவிருந்தால் எழுதி வையுங்கள். தில்லித் தமிழ்ப் பிரிவில் வேலை பார்த்த யாரேனும் உங்கள் உறவில் இருந்தால், எந்த ஆங்கிலச் சொல்லுக்கு எந்தத் தமிழ்ச் சொல் போடலாம் என்று அந்த அறையில் நடந்த சண்டைகளைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டுப் பரணில் தேடியதில் ஒரு பக்திப் பாடல் கேசட்டின் கடைசியில் நாற்பது விநாடி கிடைத்திருக்கிறது: வங்கக் கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு நிலை, பிறகு சரோஜ் நாராயண்சுவாமி வணக்கம் சொல்லும் முன் நாடா தீர்ந்துவிடுகிறது.